பச்சை அட்டைப் புத்தகம், இடது பக்கம்

"வர்ற வியாழக்கிழமைலேர்ந்து எங்க லைப்ரரி வகுப்புல அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தைத்தான் நடத்தப் போறாங்களாம்" என்று மனைவி சொன்னபோது ஸ்டியரிங்கின் வாயில் டீ இருந்தது. அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கடைசியில் மூக்குப் பக்கமாக ஒரு வழி கண்டுபிடித்தது.

"மெதுவா குடிங்க. யாரும் புடுங்கிட்டுப் போகல."

"எந்தப் பச்சை அட்டை?"

"லைப்ரரில இருக்குமே, பழைய பாட்டுப் புத்தகம். மேல பாட்டு, கீழ உரை. வாத்தியார் ஒவ்வொரு பாட்டா எடுத்துச் சொல்லப் போறாரு. மூணு மாசத்துக்கு அதேதான்."

"வேற புத்தகமே கெடைக்கலையா அந்தாளுக்கு?"

"அதுல உங்களுக்கு என்ன வந்துச்சு? புத்தகம்னாலே பத்தடி தள்ளி நிக்கிற ஆளாச்சே நீங்க."

ஸ்டியரிங் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவர் முப்பத்தெட்டு வருடம் லாரி ஓட்டினவர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்சில் மட்டும் இருக்கிறது. மற்ற எல்லாருக்கும் அவர் ஸ்டியரிங்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவரும் பிரிந்தார்கள், இரண்டு தரப்புக்கும் வருத்தமில்லாமல். டாக்டரை நம்பமாட்டார். வானிலை அறிக்கையை நம்பமாட்டார். எதிர்வீட்டுக்காரர் சிரித்தால், எதற்குச் சிரித்தான் என்று சாயங்காலம் வரை யோசிப்பார். அச்சில் வந்தது எதுவானாலும் எவனோ எவனையோ ஏமாற்ற எழுதியது என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சியை விட்டு அவர் கொஞ்ச நாள் விலகியிருந்தார். அது நாற்பத்திரண்டு வருடத்துக்கு முந்தின கதை.

அப்போது சரக்கு லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடை ஒன்று இருந்தது. மேடை ஓரத்தில் ஒரு கண்ணாடிச் சன்னல். சன்னலுக்குப் பின்னால் எடைச்சீட்டு எழுதும் பெண். நாளுக்கு இரண்டு தடவை ஸ்டியரிங் அந்தச் சன்னலுக்கு முன்னால் போய் நிற்பார். சொல்ல வேண்டியது நெஞ்சுவரை வரும். வாயைத் திறந்தால் "எடை" என்ற ஒரு சொல்தான் விழும். அந்தப் பெண்ணும் எடையை எழுதிக் கொடுத்துவிடுவாள். இப்படியே எட்டு மாதம் போனது.

ஒரு திங்கட்கிழமை, வரிசையில் லாரி நிற்கும்போது கொட்டின மழைக்குப் பயந்து, அந்தச் சன்னலுக்கு நேர் எதிரே இருந்த நூலகத்துக்குள் ஒதுங்கினார். கவுண்டரில் தேதி முத்திரை குத்தும் பையன், "உள்ள நிக்கணும்னா கையில ஏதாவது ஒண்ணு வச்சுக்கங்கண்ணே, சும்மா நின்னா திட்டுவாங்க" என்றான். கைக்கு எட்டியது பச்சை அட்டை. திறந்த இடத்தில், எந்தக் காலத்திலோ எவனோ ஒருத்தன் ஒரு பெண்ணுக்குச் சொன்னது இருந்தது. பாட்டு ஒரு மண்ணும் புரியவில்லை. கீழே இருந்த உரை புரிந்தது. "உன் வாயிலைக் கடக்கும்போது மட்டும் என் தேர் வழி மறந்து நின்றுவிடுகிறது."

ஸ்டியரிங் அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணீர் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அன்றே நூலக உறுப்பினராகிப் புத்தகத்தை எடுத்துப் போனார். அந்த வரியைத் தாளில் எழுதி, தேரை அடித்துவிட்டு லாரி என்று போட்டு, மறுநாள் காலையில் லாரிக் காகிதங்களோடு சேர்த்துச் சன்னலுக்குள் தள்ளினார். எடைச்சீட்டின் பின்பக்கம் பதில் வந்தது. "எடை மேடையில் எல்லா லாரியும் நிற்கும்."

அவர் அசரவில்லை. இரண்டாவது கடிதம் போட்டார். அதற்கு வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. "தோட்டத்துக் கிளிக்கு உன் பெயரைக் கற்றுக்கொடுத்தேன். அது என் தாயின் முன்னே சொல்லிவிட்டது. தோழி சிரிக்கிறாள்." ஸ்டியரிங்குக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வீடு மூன்றாவது மாடி. அங்கே தோட்டம் ஏது என்று மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு கேட்டும் பார்த்தார். "கிளி எங்க?"

"பறந்து போயிடுச்சு."

"அந்தத் தோழி?"

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

அதோடு விட்டுவிட்டார்.

மொத்தம் பதினோரு கடிதம். பதினொன்றும் அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது. புத்தகத்தில் இடது பக்கம் முழுக்க ஆண் சொல்வது, வலது பக்கம் முழுக்கப் பெண் சொல்வது. பொம்பளைங்க பேச்சில் நமக்கு என்ன வேலை என்று வலது பக்கத்தை அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஒரே தொந்தரவு, வாரம் விட்டு வாரம் புத்தகம் இருக்காது. "வேற ஒருத்தங்க எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்பான் முத்திரைப் பையன். எவனோ ஒரு போட்டிக்காரன். இதே தொழிலில் இன்னொரு திருடன். அவனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வாரம் தாமதமானது. அவனை ஸ்டியரிங் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்தக் கடிதங்கள் இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில், மனைவியின் அலமாரியில் இருக்கின்றன. கோபம் வந்தால் அவள் அவரைப் பார்த்துச் சொல்வது ஒன்றுதான். "அந்தக் காலத்துல எப்படியெல்லாம் எழுதின மனுஷன்!" அதைக் கேட்டதும் ஸ்டியரிங் எழுந்து காய்கறி வாங்கப் போய்விடுவார். நாற்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் தனக்கு ஏதாவது மரியாதை இருக்கிறதென்றால் அது அந்த டப்பாவுக்குள் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

அதைத்தான் வியாழக்கிழமை வாத்தியார் திறக்கப் போகிறார்.

*

"இதுக்குப் போயா முழிக்கிற?" என்றான் மெக்கானிக். ஒர்க்ஷாப்பில் ஒரு இன்ஜினுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தான். ஸ்டியரிங்கின் பழைய கூட்டாளி. கடிதத் திருட்டு தெரிந்த ஒரே ஆள். "புத்தகத்தை நீயே எடுத்துக்கிட்டு வந்துடு. புத்தகம் இல்லாம எப்படிடா பாடம் நடத்துவாங்க?"

ஸ்டியரிங்குக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மெக்கானிக் சொன்ன யோசனைகளால் வாழ்க்கையில் இரண்டு தடவை லாரி பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

நூலகத்தில் அதே கவுண்டர். முத்திரைப் பையனுக்கு இப்போது முழுக்க நரைத்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் தினம் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து குத்துகிறார். பேர் முத்திரை என்றே நின்றுவிட்டது. பேச்சு குறைவு.

ஸ்டியரிங் பச்சை அட்டையை நீட்டினார். முத்திரை அதைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். வாய் ஓரம் லேசாக இழுத்துக்கொண்டது.

"என்ன?" என்றார் ஸ்டியரிங் சந்தேகமாக.

"ஒண்ணுமில்லண்ணே." குத்தினார்.

அதற்குள் நூலகர் அம்மா ஓடி வந்துவிட்டார். "சார்! இதையா எடுக்கிறீங்க?"

"ஏன், எடுக்கக் கூடாதா?"

"பன்னெண்டு வருஷமா யாரும் வீட்டுக்கு எடுக்கல சார். அப்படி இருந்தா கழிச்சுக் கட்டிடணும்னு உத்தரவு. இன்னைக்குச் சாயந்தரம் பழைய பேப்பர் வண்டி வருது. அந்தக் கட்டுல இதையும் வச்சிருந்தேன். வாத்தியார் அழாத குறை. வகுப்பே நடக்காதுன்னு நெனச்சோம். நீங்க எடுத்துட்டீங்க, இனிமே இதை யாரும் தொட முடியாது!"

ஸ்டியரிங்குக்கு உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னும் நாலு மணி நேரம் வீட்டில் சும்மா படுத்திருந்தால் பச்சை அட்டை கூழாகியிருக்கும்.

"அப்ப நான் எடுக்கல. திருப்பி வச்சுக்கங்க."

"குத்தியாச்சுண்ணே" என்றார் முத்திரை.

"வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லாதீங்கம்மா."

நூலகர் அம்மாவின் முகம் மலர்ந்தது. "புரியுது சார். படிச்சுட்டு அவங்க முன்னாடி திடீர்னு சொல்லி அசத்தப் போறீங்க! நான் மூச்சு விடமாட்டேன். வகுப்புக்கு வேணுங்கிறதை வாத்தியார் வேற கிளையிலேர்ந்து வரவழைச்சுக்குவாரு. இனிமே காரணம் சொல்லிக் கேக்கலாம்ல, வாசகர் இருக்காங்கன்னு."

மறுநாள் நாலு பிரதிகள் வந்து இறங்கின.

*

புத்தகத்தைப் பரணில் ஒளித்தார். மனைவி கீழிருந்து குரல் கொடுத்தாள்.

"பரண்ல என்ன பண்றீங்க?"

"எலி."

"எலி புடிக்கிறதுக்கு எதுக்கு மூக்குக்கண்ணாடி?"

"பொடி எலி."

அவள் மேலே எதுவும் கேட்காமல் போனாள். அதுவே ஸ்டியரிங்குக்குச் சந்தேகமாக இருந்தது.

"புத்தகத்தை விடு. வகுப்பையே மூடு" என்றான் மெக்கானிக் இரண்டாவது தடவை. "ஒரு புகார் எழுது. எது வேணாம்னு சொல்றதுக்கும் நம்ம ஆளுங்ககிட்ட உடனே ஆதரவு கெடைக்கும்."

ஸ்டியரிங் இதற்கு யாரிடமும் வார்த்தை கடன் வாங்கவில்லை. சொந்தமாகவே எழுதினார்.

"ஐயா, செத்துப்போன ராஜா எத்தனை கோட்டை கட்டினான் என்று தெரிந்துகொண்டு ஒரு பஞ்சர்கூட ஒட்ட முடியாது. பழைய பாட்டைப் படித்து எவனுக்கும் வயிறு நிறைந்ததில்லை. வயசானவர்கள் வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் இல்லாததால் குடும்பங்களில் டீ கிடைப்பதில்லை. ஆகையால் வரலாறு, பழைய இலக்கியம் என்கிற வகுப்பை உடனே நிறுத்தவும்."

நூலகக் குழுவின் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

அவருக்குத் தெரியாத விஷயம், அந்த வகுப்பு எப்படியும் மாதக் கடைசியில் சாகப் போகிறது என்பதுதான். வந்தது ஏழு பேர். பத்துப் பேர் வேண்டும். குழு சத்தமில்லாமல் அறையைப் பூட்டிவிட்டுக் கம்ப்யூட்டர்கள் வைக்கத் திட்டம் போட்டிருந்தது. ஆனால் எழுத்தில் ஒரு புகார் வந்துவிட்டால் விசாரணை வைக்காமல் எதையும் மூடக் கூடாது என்பது சட்டம். நூலக வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'பழைய இலக்கிய வகுப்பு தேவையா? பொது விசாரணை. புகார்தாரர் நேரில் வரவேண்டும்.'

நோட்டீஸைப் பார்த்த பிறகுதான் அப்படி ஒரு வகுப்பு நடப்பதே ஊருக்குத் தெரிந்தது. வியாழக்கிழமைக்குள் முப்பத்திரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்துவிட்டார், சிரித்துக்கொண்டே.

"எவனோ ஒரு புண்ணியவான் புகார் எழுதிட்டானாம்" என்றாள் மனைவி, பூண்டு உரித்தபடி. "யாருன்னு சொல்லமாட்டேங்கிறாங்க. டீ கெடைக்கலன்னு எழுதியிருக்கானாம். பாவம், யாரு வீட்டு ஆம்பளையோ."

ஸ்டியரிங் அவசரமாகத் தானே எழுந்து போய் டீ போட்டார்.

"இன்னொண்ணு. வாத்தியார் என்ன சொன்னாரு தெரியுமா? வரலாறுன்னா ராஜா மட்டும் இல்லையாம். நம்ம வீட்டுல கெடக்கிற பழைய காயிதமும் வரலாறுதானாம். அவங்கவங்க வீட்டுல பழைய கடிதம் இருந்தா விசாரணைக்குக் கொண்டாங்க, புத்தகத்துக்குப் பக்கத்துல வச்சுப் பார்க்கலாம்னாரு." நிமிர்ந்து பார்த்தாள். "என் டப்பாவைக் கொண்டு போறேன்."

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. ஸ்டியரிங் பார்த்துக்கொண்டே நின்றார்.

*

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பகல் முழுக்கப் பரணில் இருந்தார். எந்தெந்தப் பக்கத்தில் எடுத்தோம் என்று தெரிந்தால், நூலகத்துப் பிரதிகளில் அந்தப் பக்கங்களை எப்படியாவது ஒட்டிவிடலாம் என்று ஒரு கிறுக்கு யோசனை. அது மெக்கானிக்குடையதுகூட இல்லை, அவருடையதே.

பக்கங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பதினோரு இடது பக்கங்களிலும் ஓரத்தில் ஒரு கிரீஸ் கட்டைவிரல் அழுத்தமாக விழுந்திருந்தது. நாற்பத்திரண்டு வருடமாக அழியவில்லை. ஸ்டியரிங் தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். விரல் தடித்திருந்தது.

ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். மழை, ஈரமான லாரி சீட்டின் வாசனை, கண்ணாடிச் சன்னலில் அவள் மூச்சுப்பட்டு உண்டாகும் வெள்ளை வட்டம் எல்லாம் வந்தன. அவளுடைய பதில்களை லைசென்ஸ் உறைக்குள் வைத்திருந்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, கடைசியில் தூளாகப் போகும்வரை வைத்திருந்தார். கிளி சமாச்சாரம் இன்னும் மனப்பாடம். எடை மேடை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. அந்த லாரியை உடைத்து இரும்பாக விற்றாயிற்று. ஆனால் வரிகள் அப்படியே இருந்தன, நேற்றைக்கு எவனோ மூச்சிரைக்க ஓடிவந்து சொன்ன மாதிரி.

ஏழாவது கடிதத்தின் பக்கம் வந்தது. அதுதான் அவளுக்கு உயிர். டப்பாவில் எல்லாவற்றுக்கும் மேலே அதை வைத்திருக்கிறாள். "நெடுவழி முழுதும் நீ என்னுடன் இருக்கிறாய். உன் மூச்சின் வெப்பம் என் தோளில் படும்வரை எனக்குப் பாதை நீளமில்லை. உன் பிடரியைத் தடவும்போது போரையும் மறப்பேன்." பிடரி என்பது அந்தக் காலத்தில் கூந்தலுக்குச் சொல் போலிருக்கிறது என்று நினைத்து அவர் கூந்தல் என்று மாற்றியிருந்தார்.

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அன்றைக்குக் கண்ணாடி இல்லாமல் அதைப் படிக்க முடிந்த வயது, ஆனால் அவசரம். இன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"இப்பாடல், மன்னன் தன் முதிய குதிரையை நோக்கிக் கூறியது."

ஸ்டியரிங் பரணிலேயே படுத்துவிட்டார்.

"எலி மாட்டுச்சா?" என்று கீழிருந்து கேட்டாள் மனைவி.

"மாட்டிக்கிச்சு" என்றார் அவர்.

*

விசாரணை அன்று வகுப்பறையில் நிற்க இடமில்லை. முதல் வரிசையில் மனைவி, மடியில் பிஸ்கட் டப்பா. நாலு பிரதிகளும் கூட்டத்தில் கை மாறிக்கொண்டிருந்தன. எதையும் எடுத்து ஒட்ட வழியில்லை. ஐந்தாவதை ஸ்டியரிங் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் நின்றார். நூலகர் அம்மா கண்டுபிடித்து, "சார், புத்தகம் சாட்சியா வேணும்" என்று வாங்கிக்கொண்டு போய் மேசைமேல் வைத்துவிட்டார்.

குழுத் தலைவர் இரண்டு போன் வைத்திருந்தார். ஒன்றில் பேசிக்கொண்டே மற்றதில் மணி பார்த்தார். வாத்தியார் எழுந்து, "வரலாறு நமக்குக் கற்பிப்பது யாதெனில்" என்று ஆரம்பித்தார். நல்ல மனுஷன். ஆனால் யாதெனில் என்று ஆரம்பித்தால் யார் கேட்பார்கள்? பின்வரிசையில் கொட்டாவி பரவியது.

"போதும் சார்" என்றார் தலைவர். "இந்தப் புகாரை நான் படிக்கிறேன், கேளுங்க. 'பழைய பாட்டைப் படித்து எவனுக்கும் வயிறு நிறைந்ததில்லை.' எவ்வளவு தெளிவா எழுதியிருக்காரு பாருங்க! இந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்கு வேணும்? வேணும்னா போன்ல பார்த்துக்கலாம்."

மனைவி எழுந்தாள். "எனக்கு வேணும்ங்க."

"நீங்க உக்காருங்கம்மா. வயசான காலத்துல வீட்டுல நிம்மதியா டிவி பாருங்க. இது..." பச்சை அட்டையை ஒரு மூலையில் இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். "இது பழைய பேப்பருக்குப் போக வேண்டியது."

கடைசி வரிசையில் ஒரு குரல் எழுந்தது. அது தன்னுடைய குரல் என்று ஸ்டியரிங்குக்குப் பிறகுதான் தெரிந்தது.

"யோவ். கீழ வைய்யா அதை."

எல்லாத் தலையும் திரும்பியது.

"யாருங்க நீங்க?"

"அந்தப் புகாரை எழுதினவன்."

மனைவி திரும்பவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க எங்க பக்கம்தானே?" என்றார் தலைவர்.

"நான் எவன் பக்கமும் இல்ல. எனக்கு எவனையும் புடிக்காது." ஸ்டியரிங் முன்னால் நடந்தார். எட்டு மாதம் கண்ணாடிச் சன்னலை நோக்கி நடந்த அதே நடை. "மூணாங் கிளாஸ் படிச்சவன் நான். எடை போடுற இடத்துல ஒரு பொண்ணு இருந்துச்சு. மனசுக்குள்ள மலை மாதிரி இருக்கு, வாயில வார்த்தை இல்ல. நாயா அலைஞ்சேன். அப்பதான் இந்தப் புத்தகத்துல பார்த்தேன், எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன், தேர் ஓட்டுறவன், அவனும் என்னை மாதிரியே ஒரு வாசல்ல போய் வாயடைச்சு நின்னிருக்கான். நான் ஒத்தை ஆள் இல்லன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அவன் பேசினதை எடுத்து நான் பேசிட்டேன். வயிறு நிறையலதான். வீடு நிறைஞ்சுது."

தலைவர் பச்சை அட்டையை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"அந்த டப்பாவுல இருக்கிற பதினோரு காயிதமும் இதுலேர்ந்து திருடினது. ஒரு வரிகூட என்னுது இல்ல. அதுல ஏழாவது..." மனைவியின் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தார். "ஏழாவது குதிரைக்கு எழுதினது. அது சத்தியமா எனக்குத் தெரியாது."

முதலில் எதிர்வீட்டுக்காரர்தான் கைதட்டினார். பிறகு கூரை பறக்கிற மாதிரி எல்லாரும். தலைவரின் இரண்டு போனும் ஒரே நேரத்தில் அடித்தன. இரண்டையும் அமுக்கிவிட்டு, "சரி சரி, வகுப்பு நடக்கட்டும், கம்ப்யூட்டரை வராந்தாவுல வச்சுக்கலாம்" என்றார். வாத்தியார் ஓடி வந்து ஸ்டியரிங்கின் கையைப் பிடித்துக்கொண்டு, யாதெனில் இல்லாமல் அழுதார்.

ஸ்டியரிங் மனைவியைத் தேடினார். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு அதற்குள் வெளிவாசலுக்குப் போய்விட்டிருந்தாள். அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள்கள் குலுங்கின.

போச்சு. நாற்பத்திரண்டு வருடம் போச்சு.

கிட்டே போகத் துணிச்சல் வரவில்லை. பச்சை அட்டையைக் கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்தார். "இந்தாப்பா. திருப்பி எடுத்துக்க. இனிமே நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். இத்தனை வருஷமா ஏமாத்திட்டேன் அவளை. அதோ அழுவுறா பாரு."

முத்திரை வாசலைப் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து, கரையான் அரித்த ஒரு நீளப் பதிவேட்டை எடுத்துப் பிரித்து, பச்சை அட்டையின் பக்கத்தில் வைத்தார். பழைய மை. திங்கட்கிழமை, உறுப்பினர் எண் நூற்றுப் பதினான்கு. அது ஸ்டியரிங். அடுத்த வாரம், நூற்று முப்பத்தொன்று. மறுபடி நூற்றுப் பதினான்கு. மறுபடி நூற்று முப்பத்தொன்று. பக்கம் முழுக்க இரண்டே எண்கள், மாற்றி மாற்றி, ஏணிப்படி மாதிரி இறங்கின.

ஸ்டியரிங்கின் பழைய கோபம் இந்தத் துக்கத்திலும் தலை தூக்கியது. "இவன்தான்! ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு வாரம் லேட்டாக்கினவன் இவன்தான். யாருடா இந்த நூத்தி முப்பத்தொண்ணு? இருக்கானா, செத்துட்டானா?"

முத்திரை குத்தி முடித்து, மை உலர ஊதினார். பிறகு, இத்தனை வருடத்தில் அவர் பேசினதிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"அதோ டப்பாவை இடுக்கிக்கிட்டுச் சிரிப்பை அடக்க முடியாம நிக்கிறாங்களே, அண்ணி, அவங்கதான்; நீங்க இடது பக்கத்தை எழுதிட்டுத் திருப்பிக் குடுத்த மறுநாளே வந்து, உங்க கிரீஸ் விரல் எந்தப் பக்கத்துல இருக்குன்னு பார்த்து, அதுக்கு நேரெதிர் வலது பக்கத்தை எழுதிட்டுப் போவாங்கண்ணே, கிளி, தோழி எல்லாத்தையும் சேர்த்து."